விண்கலத்துக்கு நீலச் சாயம்

என் அண்ணன் செய்த விண்கலத்தில் பாதிக்கு மேல் தண்ணீர்த் தொட்டிதான். இன்ஜினுக்கு ஒரு தீப்பெட்டி அளவு இடம் விட்டிருந்தான். ஓட்டுகிறவனுக்கு அதிலும் பாதி. அருப்புக்கோட்டையில் பிறந்து, குழாயில் தண்ணீர் வருகிற நாளைத் திருவிழா மாதிரி எதிர்பார்த்து வளர்ந்தவன் வேறெப்படிச் செய்வான்? "வழியில தண்ணி கிடைக்காதுல்ல" என்பான். இப்போது நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறேன். கிரகம் விட்டுக் கிரகம் போகிற கப்பலுக்கு இதைவிடச் சரியான யோசனை எதையும் எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

அப்போது எண்பதுகளின் நடுப்பகுதி. அண்ணன் பத்தாம் வகுப்பு, நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா சாயப்பட்டறை வைத்திருந்தார். பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட கொட்டகை, மூன்று அடுப்பு, மூன்று செப்பு அண்டா, நூலைப் புரட்ட மூங்கில் கம்புகள், அவ்வளவுதான். தெருவில் தறி போடுகிறவர்கள் வெள்ளை நூலைச் சுருட்டிக் கட்டிய கழிகளைக் கொண்டுவந்து போடுவார்கள். அப்பா நிறமேற்றிக் காயவைத்துக் கொடுப்பார். நாங்கள் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள். சண்டை என்று வந்தால் மட்டும் ஆளாளுக்குத் தமிழுக்குத் தாவிவிடுவோம். நான் சொல்லப்போவதில் சண்டை அதிகம்.

அண்ணனுக்கு அந்தக் கட்டைகள் கிடைத்தது பாலவனத்தம் போகிற ரோட்டில் இருந்த பழைய சாமான் கடையில். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கழிவு பிளாஸ்டிக் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். வெளிநாட்டுப் பிள்ளைகள் விளையாடித் தூக்கிப் போட்டது. உடைந்த பொம்மை, கை இல்லாத கார், மூடி இல்லாத டப்பா என்று எல்லாவற்றையும் தரம் பிரிக்க ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் போய் உட்கார்ந்து பிரித்துக் கொடுப்பான். கூலியாகக் காசு கேட்க மாட்டான். மேலே குமிழும் கீழே குழியுமாக, ஒன்றின்மேல் ஒன்று அழுத்தினால் சிக்கென்று பிடித்துக்கொள்ளும் அந்தச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் செங்கல்களில் அன்றைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு வருவான். கடைக்காரர் இவனைப் பைத்தியம் என்றே முடிவு கட்டியிருந்தார்.

ஒன்றரை வருடத்தில் ஒரு பிஸ்கட் டின் நிறையச் சேர்ந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நிறங்கள். ஒரே பெட்டியில் பிறந்தவை என்று நாலு கட்டைகூடத் தேறாது. ஒன்றின் குமிழ் பெரிதாக இருக்கும், இன்னொன்றின் குழி சின்னதாக இருக்கும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்துத் தேய்த்து எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருந்தவைத்தான். கொத்தனார் சுவர் வைப்பதைப் பார்த்து, மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் அடுக்கினான். முன்பக்கம் படிப்படியாகக் குறுகிக் கூராக முடியும். சிறகு இரண்டும் கனம் தாங்காமல் விழுந்துகொண்டே இருந்ததால் அடியில் தறி அச்சின் கம்பியைச் செருகி நிறுத்தினான். மாத்திரை அட்டையின் கண்ணாடிக் குமிழ்கள் ஜன்னல்கள் ஆயின. சட்டைப் பித்தான் ஓட்டுகிறவனுக்கு ஸ்டியரிங் ஆனது.

தொட்டிக்கு வெளியே ஒரு குழாய் வைத்து, அதன் முன்னால் இலந்தைக் கொட்டைகளை வரிசையாக ஒட்டியிருந்தான். அவை குடங்களாம்.

"இந்தக் கப்பல்ல பொம்பளைகளே கிடையாதா அண்ணே?" என்று கேட்டேன்.

"குழாயடியில வரிசையில நிக்கிறது யாராம்?" என்றான்.

நான் கோபித்துக்கொண்டு அரைநாள் பேசவில்லை. ஆனாலும் அந்தக் கப்பலை அவனுக்கு அடுத்தபடியாக அறிந்தவள் நான்தான். அவன் ஒவ்வொரு அடுக்கு வைக்கும்போதும் எந்தக் கட்டை எங்கே என்று என் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் வரைந்து வைத்தேன். பதினாறு பக்கம், பதினாறு அடுக்கு. கப்பல் கீழே விழுந்து நொறுங்கினால்கூட அந்த நோட்டைப் பார்த்துத் திரும்பக் கட்டிவிடலாம். "பாப்பா, நீதான் என் இன்ஜினியரு" என்பான். எனக்குத் தலைகால் புரியாது.

அந்தக் கப்பலை விளையாட்டுக்காக அவன் செய்யவில்லை. பத்தாவதோடு போதும், பட்டறைக்கு வந்துவிட வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். அவருடைய அப்பாவும் அவரிடம் அப்படித்தான் சொன்னாராம். அண்ணனுக்கு மேலே படிக்க வேண்டும். அந்த வருடம் விருதுநகரில் பள்ளிகளுக்கான அறிவியல் கண்காட்சி நடப்பதாக இருந்தது. அதில் பரிசு வாங்கினால் மதுரையில் ஹாஸ்டலோடு இலவசமாகப் பிளஸ் ஒன் இடம் வாங்கித் தருவது தன் பொறுப்பு என்று தலைமையாசிரியர் சொன்னார். அண்ணன் வந்து அப்பா முன்னால் நின்றான். அப்பா நூலைப் புரட்டிக்கொண்டே வெகுநேரம் யோசித்தார்.

"ஜெயிச்சிட்டு வா. அனுப்புறேன்" என்றார்.

அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் வந்ததுதான். அண்ணனின் படிப்பு முழுக்க அந்தக் கப்பலில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கண்காட்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது அறிவியல் சார் கப்பலைப் பார்க்க வீட்டுக்கே வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தொட்டியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, "எல்லாம் நல்லாத்தான்டா இருக்கு. ஆனா கோமாளி சட்டை மாதிரி கலர் கலரா இருக்கே. இத விளையாட்டுச் சாமான்னு ஒதுக்கிருவாங்க. ஒரே கலர்ல இருந்தாத்தான் நம்புவாங்க" என்று சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அண்ணனின் முகம் செத்துப்போனது. அவன் மனதில் இருந்த கப்பலும் ஒரே நிறம்தான். ஒரு சிறுவர் பத்திரிகையில் வந்த தொடர்கதையின் படத்தைப் பார்த்துத்தான் அவன் ஆரம்பித்தான். அந்தப் பக்கத்தை நீல மையில் அச்சடித்திருந்ததால், விண்கலம் என்றால் நீலம்தான் என்று எங்கள் இருவருக்கும் பதிந்துபோயிருந்தது. கடையில் கொஞ்சம் பெயிண்ட் வாங்கிவந்து இரண்டு கட்டைகளில் அடித்துப் பார்த்தான். காய்ந்த பிறகு அவை பொருந்தவில்லை. பெயிண்ட் ஏறிய கனத்தில் குமிழ் குழிக்குள் போக மறுத்தது. மேலாக அடித்தால் திட்டுத் திட்டாக வழிந்தது. சுரண்டி எடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இனிமேல் நான் செய்தது.

நான் சாயக்காரர் மகள். நூலுக்கு நிறம் ஏறுகிறது, ஆனால் நூல் தடிப்பதில்லை என்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள். பெயிண்டுக்குத்தான் கனம், சாயத்துக்குக் கனம் கிடையாது. பத்து வயது மூளைக்கு இது பெரிய கண்டுபிடிப்பு. அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவனுடைய யோசனை ஆகிவிடும். எனக்கு அது என்னுடையதாகவே இருக்க வேண்டியிருந்தது. நேரே அப்பாவிடம் போய், "அப்பா, அண்ணன் கட்டையெல்லாம் நீங்க நீலத்துல முக்கித் தாங்களேன்" என்றேன்.

அப்பா சிரிப்பது அபூர்வம். அன்றைக்குச் சிரித்தார். அவருடைய மயில்கழுத்து நீலத்துக்குத் திருச்சுழி வரைக்கும் பேர் இருந்தது. மகனுடைய படிப்பு அவருக்குப் புரியாத சங்கதி, ஆனால் நீலம் அவருக்குப் புரியும். "அவன்ட்ட சொல்லாத. வந்து பாக்கட்டும்" என்றார். மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. திருச்சுழியில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய நூல் மூட்டையை அண்ணன் தலையில் ஏற்றிக் காலை பஸ்ஸில் அனுப்பிவைத்தார். திரும்பி வரச் சாயங்காலம் ஆகிவிடும்.

பஸ் போன கையோடு கப்பலை எடுத்துவந்து பட்டறைத் தரையில் வைத்தோம். அப்பாவின் தடித்த விரல்களுக்கு அது அடங்காது. நான்தான் பிரித்தேன். ஜன்னல், பித்தான், இலந்தைக் கொட்டை எல்லாவற்றையும் தனியாக ஒரு கிண்ணத்தில் போட்டேன். நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதினாறாம் அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி ஓலைப்பெட்டியில் போட்டேன். ஒரு கட்டைகூட உடையவில்லை. இதை அன்றைக்கு எவ்வளவு பெருமையாக நினைத்தேன் என்று எண்ணினால் இன்றைக்கு என்னை நானே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

அப்பா எதையும் கண்ணை மூடிக்கொண்டு அண்டாவில் போடுகிறவர் இல்லை. எந்த நூல் வந்தாலும் முதலில் ஒரு கழியைச் சின்னக் குண்டானில் முக்கிப் பார்ப்பார். அதற்குச் சாம்பிள் என்று பெயர். அது சரியாக வந்துவிட்டால் வந்த லாட்டு மொத்தமும் சரியாக வரும். ஏனென்றால் ஒரு லாட்டு நூல் ஒரே மில்லில், ஒரே பஞ்சில் நூற்றது. சாம்பிள் திருப்தியாக இருந்தால் அதிலிருந்து ஒரு விரல் நீள நூலை வெட்டிச் சுவரில் தொங்குகிற கயிற்றில் முடிந்து வைப்பார். திருப்தி இல்லாத எதுவும் அந்தக் கயிற்றுக்குப் போகாது. நாற்பது வருடத்து நிறம் அதில் தொங்கியது.

"ஒன்னு எடு" என்றார். கைக்கு முதலில் வந்த ஒரு நீளமான வெள்ளைக் கட்டையைக் கொடுத்தேன். தண்ணீர்த் தொட்டியின் மேல்மூடி அது. சாதாரணப் பருத்திச் சாயம் பிளாஸ்டிக்கில் பிடிக்காது என்று பட்டு நூலுக்காகத் தனியே பூட்டி வைத்திருந்த பொடியை எடுத்தார். விலை கூடின பொடி. கல்யாணச் சேலை ஆர்டருக்குத்தான் அதை வெளியே எடுப்பார். குண்டானில் கொதிக்கவைத்துக் கட்டையைப் போட்டுக் கிண்டினார். கொஞ்ச நேரம் கழித்துக் கம்பால் வெளியே எடுத்துக் குளிர்ந்த நீரில் அலசி வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்தார். நீலம் ஏறியிருந்தது. அசல் மயில்கழுத்து நீலம். குமிழ் சிதையவில்லை, குழி சுருங்கவில்லை.

"ஏறிருச்சு" என்றார். எனக்குக் கை தட்டத் தோன்றியது, தட்டினேன்.

பிறகு மிச்சம் அத்தனையையும் ஒரு வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டிப் பெரிய அண்டாவில் இறக்கினார். விறகைத் தள்ளி, தளதளவென்று கொதிக்கவிட்டு, தட்டைப் போட்டு மூடினார்.

பிளாஸ்டிக் என்றால் ஒன்று இல்லை, அதில் பல வகை உண்டு என்று இன்றைக்கு நான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். நான் எடுத்துக் கொடுத்த அந்த ஒற்றைக் கட்டை நைலான். பட்டுச் சாயம் அதில் ஏறும், கொதிநீரையும் அது தாங்கும். மற்றவை அப்படி இல்லை. அவை ஒரே லாட்டு இல்லை, நூறு வீட்டுக் குப்பை. வாழ்நாள் முழுக்க ஒரு கழியை நம்பி லாட்டை முக்கி எடுத்த மனிதருக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. அவர் தொழிலில் அதுவரை அப்படி ஒரு சந்தேகத்துக்குத் தேவை இருந்ததில்லை.

முதலில் வாடைதான் வந்தது. அப்பா தட்டைத் தள்ளினார். கம்பால் மூட்டையைத் தூக்கினார், அது கம்பிலிருந்து நழுவி மறுபடியும் உள்ளே விழுந்தது. அடுத்து அவர் செய்ததை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெறுங்கையை முழங்கை வரைக்கும் கொதிக்கிற அண்டாவுக்குள் விட்டு மூட்டையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார்.

துணியை அவிழ்த்தோம். சில கட்டைகள் அப்பளம் மாதிரி வளைந்திருந்தன. சிலவற்றின் குமிழ்கள் சப்பையாகிவிட்டன. பாதிக்கு மேல் ஒன்றோடொன்று அப்பி ஒரே கட்டியாகிக் கிடந்தது. நீலம் ஒன்றில்கூட ஏறவில்லை. சிவப்பு சிவப்பாகவும் மஞ்சள் மஞ்சளாகவும், அறிவியல் சார் சொன்ன அதே கோமாளி சட்டையாகவே இருந்தன.

அம்மா ஓடிவந்து அப்பாவின் கையில் என் இங்க் பாட்டிலைக் கவிழ்த்தாள். தீப்புண்ணுக்கு அப்போதெல்லாம் பேனா மைதான் ஊற்றுவார்கள். அப்பாவின் கை எந்நாளும் முழங்கை வரை சாயம் ஏறிய கைதான். அதன்மேல் நீல மையும் சேர்ந்ததில், வெந்த கைக்கும் வேலைக்காரக் கைக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று. அப்பா ஒரு முனகல்கூட இல்லாமல் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் சாயங்காலம் வந்தான். முதலில் கப்பல் இருந்த அலமாரியைப் பார்த்தான். பிறகு பட்டறைக்கு வந்தான். தரையில் விரித்த வேட்டித் துணியையும் அதன்மேல் கிடந்ததையும் பார்த்தான். குனிந்து அந்தக் கட்டியை எடுத்துப் பிரிக்கப் பார்த்தான். பிரியவில்லை. அழுவான் என்று நினைத்தேன். அவன் தமிழுக்கு மாறினான்.

"என்னையத் திருச்சுழிக்கு அனுப்பிட்டு இந்த வேலையப் பாத்தீகளோ?"

அப்பா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சா அனுப்பணும்ல. அதுக்காகத்தான் வேக வச்சீக. நேரடியா வேண்டாம்னு சொல்லிருக்கலாம்ல? சொல்லுங்க, நான் படிக்கக் கூடாது. அதானே?"

அப்பா தலையைத் தூக்கினார். அண்ணனைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். ஒரு தடவைதான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, சொல் என்ற கட்டளையும் இல்லை. நீ சொன்னால் சொல், இல்லாவிட்டால் விடு என்பது போல இருந்தது. நான் கேட்டதால்தான் அப்பா செய்தார், பிரித்ததும் நான்தான், சாம்பிள் பார்த்துத்தான் போட்டார் என்று மூன்றே வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் தரையைப் பார்த்தேன்.

அப்பா எழுந்து அடுப்பை அணைக்கப் போய்விட்டார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, சாகிற வரைக்கும் இல்லை.

திங்கட்கிழமை கண்காட்சி நடந்தது. யார் பரிசு வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார், அண்ணனின் மதுரை இடத்துக்காகத்தான். தலைமையாசிரியர் அறை வாசலில் மத்தியானம் வரை நின்றதை என் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தேன். உள்ளே போனவர் கொஞ்ச நேரத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அதையும் நான் அண்ணனிடம் சொல்லவில்லை.

அண்ணன் பத்தாவது பரீட்சை எழுதி நல்ல மார்க்கில் தேறினான். மார்க் பட்டியலை வாங்கி அம்மா கையில் கொடுத்துவிட்டு அன்றைக்கே திருப்பூர் பஸ் ஏறினான். அப்பா பட்டறையில் கால் வைக்க மாட்டேன் என்றவன், அங்கே போய் வேறு ஒருவன் சாயப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். அவனுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். அதற்குப் பின் அப்பாவிடம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கல்யாணத்துக்கு வந்தான். பந்தியில் அப்பா பரிமாறிக்கொண்டு வந்தபோது இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டான். அப்பா என் பக்கத்தில் வந்து, "அவன் சாப்பிட்டானான்னு கேளு" என்றார். மணக்கோலத்தில் நான் எழுந்துபோய்க் கேட்டேன். "சாப்பிட்டேன்னு சொல்லு" என்றான். இவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு, அதுவும் என் வாய் வழியாக.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், முதல் வருடம் பயம். அண்ணன் என்னைப் பாப்பா என்று கூப்பிட மாட்டானே என்ற பயம். பிறகு அது பழகிவிட்டது. பிறகு இன்னொன்றும் சேர்ந்தது, அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் தொழில் படுத்துப்போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அண்ணன்தான். மதுரைக் கல்லூரி, ஹாஸ்டல், பி.எட். வரைக்கும் எல்லாம். அவன் போக வேண்டிய ஊர், அவன் படிக்க வேண்டிய பாடம். மணியார்டர் தாளில் 'நல்லாப் படி பாப்பா' என்று எழுதியிருக்கும். உண்மையைச் சொன்னால் அது நின்றுவிடுமோ என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுதான் நிஜம்.

தொண்ணூறுகளின் கடைசியில் அப்பா போனார். கடைசி வருடங்களில் இருமி இருமித் தூங்கவே முடியாமல் கிடந்தார். அண்ணன் வந்தான், மொட்டை போட்டான், கொள்ளி வைத்தான், செய்ய வேண்டியதையெல்லாம் முறை தவறாமல் செய்தான். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. தெருவில் அதைப் பற்றிப் பேசினார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் காலை பட்டறையை ஒழித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. யாரோ குடோனாக வாடகைக்குக் கேட்டிருந்தார்கள். நானும் அண்ணனும்தான் உள்ளே போனோம். அண்டாக்கள் பச்சை பூத்துக் கிடந்தன. அண்ணன் சுவரில் தொங்கிய சாம்பிள் கயிற்றின் முன்னால் நின்றான். அவன் அப்போது திருப்பூரில் பெரிய பட்டறை ஒன்றில் டையிங் மாஸ்டர். தூசியை ஊதி ஊதி ஒவ்வொரு நூல் முடியாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தான். "இந்தக் கருஞ்சிவப்ப எப்படி எடுத்தாருன்னே தெரியல" என்று முணுமுணுத்தான். பதிமூன்று வருடத்தில் அப்பாவைப் பற்றி அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

அப்போது அவன் விரல் நின்றது.

இரண்டு நூல் முடிகளுக்கு நடுவில், குறுக்கே நூல் சுற்றி இறுக்கக் கட்டித் தொங்கியது ஒரு நீலக் கட்டை. மேலே குமிழ், கீழே குழி. தண்ணீர்த் தொட்டியின் மூடி. அப்பா அதைக் கட்டி வைத்திருந்தது எனக்கும் அதுவரை தெரியாது. அந்தக் களேபரத்தில் அது தொலைந்துபோனது என்றே நினைத்திருந்தேன்.

வேறு யாராக இருந்தாலும் அதன் அர்த்தத்தை உட்காரவைத்து விளக்க வேண்டியிருக்கும். இவன் சாயக்காரன். கயிற்றில் எது ஏறும், எது ஏறாது என்று தெரிந்தவன். அந்தக் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். பிறகு அடுப்பு மேட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"சாம்பிள் பாத்துருக்காரு" என்றான்.

நகத்தால் அதன் குமிழைச் சுரண்டிப் பார்த்தான்.

"இதுல ஏறிருக்கு. பட்டுப் பொடி. இத நம்பித்தான் மொத்தத்தையும் போட்டுருக்காரு." கட்டையை உள்ளங்கையில் வைத்து மூடினான். "நானா இருந்தாலும் அப்பிடித்தான் போட்டிருப்பேன்."

அப்போதுதான் அவன் அழுதான். மொட்டைத் தலையில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து, சத்தமாக அழுதான். நான் அவன் தோளைத் தொடப் போனேன். அவன் தலையைத் தூக்கினான். யோசிக்கிற முகம்.

"கப்பலப் பிரிச்சது யாரு?" என்றான். "ஒரு கட்டகூட உடையாமப் பிரிச்சிருக்கு. அவருக்கு அந்த விரல் கிடையாது."

எனக்கு இருபத்துமூன்று வயது. வகுப்பில் அறுபது பிள்ளைகளை அதட்டி உட்காரவைக்கிறவள். பத்து வயதில் வராத அந்த மூன்று வாக்கியமும் அப்போது வந்தன. நான்தான் அப்பாவிடம் கேட்டேன். நான்தான் பிரித்தேன். அந்தச் சாம்பிள் கட்டையை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அதோடு அப்பா வெறுங்கையை அண்டாவுக்குள் விட்டதையும், சலவைச் சட்டையோடு பள்ளிக்கூடத்தில் நின்றதையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

அவன் முழுவதையும் கேட்டான்.

"நான் அவரக் கேக்கும்போது நீ எங்க நின்ன?" என்றான்.

"கதவுக்கிட்ட."

"கேட்டுக்கிட்டுத்தான் நின்னியா?"

"ஆமாண்ணே."

அவன் எழுந்தான். கயிற்றிலிருந்து அந்தக் கட்டையை நூலோடு பல்லால் கடித்து அறுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அண்டாக்களைத் தூக்கி வெளியே வைத்தான். தரையைக் கூட்டினான். வேலை எதையும் பாதியில் விடவில்லை. மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அம்மாவிடம் சொல்லிக்கொண்டான்.

என் அண்ணன் கெட்டவன் இல்லை. இன்றுவரை எனக்குச் செய்ய வேண்டிய எதிலும் குறை வைத்ததில்லை. பொங்கலுக்குச் சீர் வருகிறது, என் மகள் காதுகுத்துக்கு மடியில் உட்காரவைத்துக்கொண்டான். வாரா வாரம் போன் செய்கிறான். நேற்றும் செய்தான், என் மகள்தான் எடுத்தாள். அவளோடு வெகுநேரம் பேசிச் சிரித்துவிட்டு, கடைசியில் எப்போதும் கேட்பதைக் கேட்டிருக்கிறான்.

"அம்மா, மாமா கேக்குறாங்க. அம்மா சாப்பிட்டாளான்னு கேளுன்னு."

சாப்பிட்டேன் என்று சொல்லச் சொன்னேன்.